ஊர் திரும்புவோரும் கரை ஒதுங்குவோரும்: சட்டம் யார் பக்கம்?

(காங்கேசன்துறையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து ஊர் திரும்புகிறவர்களுக்கும், வேற்று நாட்டிலிருந்து நம் கரையில் வந்து ஒதுங்குகிறவர்களுக்கும் சட்டம் என்ன உரிமை தருகிறது, அந்த உரிமையை யார் அவர்களுக்கு எடுத்துச் சொல்வது என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இதைப் பேசுவதற்குக் காங்கேசன்துறையை விடப் பொருத்தமான ஊர் உண்டா? பக்கத்திலே பலாலி விமான நிலையம். இந்தப் பக்கம் துறைமுகம். 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்திலிருந்து செரியபாணி என்ற கப்பல் இங்கே வந்தபோது கரையிலே நின்று பார்த்தவர்கள் இந்தச் சபையில் இருக்கிறீர்கள். சில நாளில் அது நின்றது. 2024 ஓகஸ்ட் 16ஆம் திகதி சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. ஏறக்குறைய நான்கு மணித்தியாலப் பயணம். கடல் கிட்டத்தான் இருக்கிறது. கடதாசிதான் தூரமாக இருக்கிறது.

2025ஆம் ஆண்டு மே மாதக் கடைசியிலே நடந்ததை நினைத்துப் பாருங்கள். 75 வயது முதியவர் ஒருவர். நெடுங்காலம் தமிழ்நாட்டில் அகதியாக வாழ்ந்தவர். ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஸ்தானிகராலயத்தின் உதவியோடு, முறைப்படி பத்திரம் பெற்று, பலாலியில் வந்து இறங்கினார். இறங்கிய இடத்திலேயே கைதானார். குற்றம் என்ன? முன்பு ஒரு காலத்தில் கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டை விட்டுப் போனது. அவரை விளக்கமறியலில் வைத்தார்கள். செய்தி வெளியானதும் பலத்த கண்டனம் எழுந்தது. சட்டத்தை மாற்றுவோம் என்று அரசு சொன்னது. ஆனால் அதன் பிறகும் திரும்பி வந்த சிலர் கைதானார்கள். கடைசியில் அகதிகள் உயர் ஸ்தானிகராலயம் தான் ஒழுங்குசெய்து வந்த பயணங்களையே சில காலம் நிறுத்திவைக்க வேண்டி வந்தது.

எந்தச் சட்டம் இது? 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டம். செல்லுபடியான கடவுச்சீட்டு இல்லாமல், அரசு குறித்த துறை வழியாக அல்லாமல், நாட்டை விட்டுப் போவது குற்றம் என்கிறது அது. நல்லது. 1983இலே, 1985இலே, 1990இலே இரவோடு இரவாகப் படகேறியவன் எங்கே போய்க் கடவுச்சீட்டு எடுப்பான்? கொழும்புக்குப் போகிற பாதை இருந்ததா? ஷெல் விழுகிற நேரத்தில் மாதகலிலும் பேசாலையிலும் குடிவரவு அதிகாரி மேசை போட்டு முத்திரை குத்திக்கொண்டு இருந்தாரா? 1983க்குப் பிறகு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படித்தான் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். அவர்கள் அத்தனை பேரும் குற்றவாளிகளா?

அதே நாட்டின் அரசியலமைப்பைத் திறந்து பாருங்கள். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை, முதலாம் பந்தி. பேச்சுச் சுதந்திரம் அங்கே இருக்கிறது, கூட்டம் கூடும் சுதந்திரம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பந்தியின் கடைசியிலே இன்னொரு சுதந்திரம் இருக்கிறது. இலங்கைக்குத் திரும்பி வருகிற சுதந்திரம்! ஒவ்வொரு பிரசைக்கும் அது அடிப்படை உரிமை. சாதாரண சட்டம் கைது செய் என்கிறது, நாட்டின் உச்சச் சட்டம் வரவிடு என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலே அகப்பட்டு ஒரு கிழவர் மறியலுக்குப் போகிறார் என்றால், அதைச் சட்டத்தின் வெற்றி என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். போர்க்காலத்தில் உயிர் தப்பப் போனவர்கள் மீது இந்தப் பிரிவு பாயாது என்று பாராளுமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவர வேண்டும். அதுவரை சட்டமா அதிபர் திணைக்களம் இப்படிப்பட்ட வழக்குகளை நடத்தாமல் விட வேண்டும். இது என் உறுதியான கருத்து.

ஆனால் திருத்தம் வரும்வரை என்ன செய்வது? வருகிறவர் வந்துகொண்டுதான் இருப்பார். ஆகவே ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சிலவற்றைச் சொல்லுகிறேன். வீட்டிலே போய்ச் சொல்லுங்கள். சென்னைக்கும் திருச்சிக்கும் தொலைபேசி எடுக்கும்போது சொல்லுங்கள்.

கைது செய்கிறவர் காரணத்தைச் சொல்ல வேண்டும். அது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. காரணம் கேட்பது எதிர்த்துப் பேசுவது ஆகாது, அது உரிமை. கைதான ஒருவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவை. வாக்குமூலத்தை உங்களுக்கு விளங்குகிற மொழியில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்கவே வைக்காதீர்கள். வடக்கிலே நிருவாக மொழி தமிழ். அது யாரும் இரங்கித் தருகிற சலுகை இல்லை, அரசியலமைப்பிலே எழுதப்பட்டது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். ஒரு மாதம்! எத்தனை நல்ல வழக்குகள் இந்த ஒரு மாதத்திலே செத்துப்போயிருக்கின்றன தெரியுமா? துக்கம் விசாரிக்கவும், உறவினரைக் கேட்கவும், கோயிலுக்கு நேர்த்தி வைக்கவும் அந்த மாதம் போய்விடுகிறது. கொழும்புக்குப் போகப் பணம் இல்லையா? அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, ஆணைக்குழு விசாரிக்கிற காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. சட்டத்தரணிக்குக் காசு இல்லையா? 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அதற்கு அலுவலகம் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசும். எத்தனை பேர் அந்தப் படியேறி இருக்கிறோம்?

இப்போது நான் ஒரு மஞ்சள் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டிலே கலியாண வீடுகளில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கிற பை. திரும்பி வந்த ஒரு குடும்பம் அந்தப் பையை என் மேசையில் வைத்தது. ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். மடித்த இடமெல்லாம் கிழிந்து ஒட்டுப் போட்ட முகாம் குடும்ப அட்டை. இரண்டு பிள்ளைகளுக்கும் அங்கே எடுத்த பிறப்புச் சான்றிதழ்கள். அம்மம்மாவின் பழைய கூப்பன் மட்டை. ஒரு கலியாணப் படம், முகாமுக்குள் இருந்த பிள்ளையார் கோயிலில் எடுத்தது. இவ்வளவுதான் ஒரு குடும்பத்தின் முப்பது வருடம்.

தகப்பனின் பெயரைப் பார்த்தேன். உண்மைப் பெயரை மாற்றிச் சொல்கிறேன். இங்கே தெல்லிப்பழையில் பதிந்த பிறப்பிலே தவராசா. முகாம் அட்டையிலே தவராஜ், முன்னாலே ஒரு தலைப்பெழுத்து. மூத்த பிள்ளையின் சான்றிதழிலே தவராஜா. மூவரும் ஒரே ஆள்தான் என்று எனக்கும் உங்களுக்கும் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? பிறந்த திகதியைப் பாருங்கள். முகாமிலே பதிந்தவர் முகத்தைப் பார்த்து வயதைக் கணித்து, ஜனவரி முதலாம் திகதி என்று போட்டுவிட்டார். தாய்க்கும் ஜனவரி முதலாம் திகதி, அம்மம்மாவுக்கும் ஜனவரி முதலாம் திகதி. கலியாணத்துக்குப் பதிவு இல்லை, படம் மட்டும் இருக்கிறது. படத்திலே ஐயரும் இருக்கிறார், அக்கினியும் இருக்கிறது, அத்தாட்சிப் பத்திரம் இல்லை.

இந்தப் பிள்ளைகள் எந்த நாட்டுப் பிரசைகள்? இந்தக் கேள்விக்கு அந்தத் தாய் அழுதுகொண்டு சொன்ன பதில், “ஒரு நாடும் இல்லை ஐயா.” அது தவறான பதில். அவருக்கு யாரும் சரியான பதிலைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, இலங்கைப் பிரசைக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு வம்சாவழியால் பிரசாவுரிமை உண்டு என்கிறது. பிறப்பைப் பதிந்துகொள்ள வேண்டும். ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். ஒரு வருடம் தாண்டினாலும் தகுந்த காரணம் காட்டினால் அமைச்சர் காலத்தை நீடிக்கலாம் என்று அதே பிரிவிலே இருக்கிறது. அகதி முகாமில் இருந்தோம் என்பதை விடத் தகுந்த காரணம் என்ன வேண்டும்? கலியாணப் பதிவு இல்லாததால் தகப்பன் வழி சிக்கலாக இருக்கிறதா? 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாய் வழியாகவும் பிரசாவுரிமை வரும். தாய் இலங்கைப் பிரசை என்று நிறுவினால் போதும். அந்தத் தாயின் பிறப்புப் பதிவு தெல்லிப்பழையிலே இருந்தது. கிராம அலுவலரின் கடிதம், மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக் கடதாசி, பிறப்புப் பதிவின் உறுதிப்படுத்திய பிரதி. இவை இருந்தால் பாதி வழி கடந்தாகிவிட்டது.

எனக்கு வருத்தம் எதிலே தெரியுமா? இந்தக் கடதாசிகளையெல்லாம் புறப்படுவதற்கு முன்பே, சென்னையிலே இருக்கிற இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் கொடுத்து, பிள்ளைகளின் பதிவை அங்கேயே முடித்திருக்கலாம். இங்கே வந்து பாடசாலையிலே சேர்க்கப் போகும்போது, பரீட்சைக்கு அடையாள அட்டை கேட்கும்போது, தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. வந்த பிறகு பத்துச் சட்டத்தரணி சேர்ந்து செய்கிற வேலையை, வருவதற்கு முன்பு ஒரு சரியான ஆலோசனை செய்துவிடும். இதுதான் இன்று நான் உங்களிடம் சொல்ல வந்த செய்தி. உதவி கப்பலுக்கு முன்னே போக வேண்டும், கப்பலுக்குப் பின்னே ஓடக்கூடாது.

இதை ஒருவரும் செய்யவில்லை என்று சொன்னால் நன்றி மறந்தவன் ஆவேன். 1984ஆம் ஆண்டு சென்னையிலே ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார் சந்திரகாசன். முகாம் பிள்ளைகளின் பிறப்பைப் பதிவதும் பிரசாவுரிமைப் பத்திரம் எடுத்துக் கொடுப்பதும் அந்தக் கழகம் ஆண்டுக்கணக்காகச் செய்துவந்த வேலை. சந்திரகாசன் யாருடைய பிள்ளை? இந்தக் காங்கேசன்துறைத் தொகுதியை நெடுங்காலம் பாராளுமன்றத்திலே பிரதிநிதித்துவம் செய்த சட்டத்தரணி, தந்தை செல்வா எனப்படும் செல்வநாயகத்தின் பிள்ளை!

சற்று நிறுத்தி நினையுங்கள். 1947இலே இந்தத் தொகுதி மக்கள் ஒருவரைத் தேர்ந்து அனுப்பினார்கள். அடுத்த வருடம் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத்திலே தேயிலை கிள்ளிய ஏழு இலட்சம் பேரளவில் ஒரே சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். அவர்களிலே ஒருவருக்காவது காங்கேசன்துறையில் வாக்கு இருந்ததா? இல்லை. அவர்களுக்காகப் பேசினால் இங்கே ஒரு வாக்குக் கூடுமா? கூடாது. ஆனாலும் செல்வநாயகம் எதிர்த்து நின்றார். தன் கட்சியையே விட்டு விலகி, 1949 டிசம்பரிலே தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஊர் பேர் தெரியாத, கையிலே கடதாசி இல்லாத மக்களுக்காக இந்தத் தொகுதியின் குரல் எழுந்தது. அது நமக்குப் பெருமை. பெருமை மட்டும் போதுமா? அது ஒரு கடன்.

அந்த மலையக மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று தமிழ்நாட்டு முகாம்களில் பெருந்தொகையாக இருக்கிறார்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அடிபட்டு வன்னிக்கு வந்து, வன்னியிலிருந்து படகேறியவர்கள். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இத்தனை இலட்சம் உனக்கு, இத்தனை இலட்சம் எனக்கு என்று பங்குபோடப்பட்டவர்கள். அவர்களுக்கும் சட்டம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவழியினருக்குப் பிரசாவுரிமை கொடுத்தது. ஆனால் 1964 ஒக்டோபர் முதல் இடைவிடாமல் இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அகதியாகப் போனவன் எப்படி இடைவிடாமல் வாழ்வான்? 2009இலே அந்தத் தடையும் அகதிகளுக்கு நீக்கப்பட்டது. இந்த ஒரு திருத்தம் தெரியாமல், தாங்கள் இன்னும் நாடற்றவர்கள் என்று நம்பிக்கொண்டு எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன!

திரும்ப விரும்பாதவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே கலியாணம் செய்தவர்களை வா என்று வற்புறுத்த எனக்கு மனமில்லை. இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை முதலாம் திகதிக்கு முன் அந்த மண்ணிலே பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1986இலே மண்டபம் முகாமிலே பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இலே அவருக்குக் கடவுச்சீட்டுக் கொடுக்கச் சொன்னது. 2024ஆம் ஆண்டுத் தேர்தலிலே அவர் வாக்களித்தார். முகாம் மக்கள் கிட்டத்தட்ட நாற்பது வருடம் காத்திருந்த உரிமை அது. ஆனால் அந்தத் திகதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை. 2025 செப்டம்பரில் வந்த இந்திய அரசின் ஆணை, 2015 ஜனவரி 9ஆம் திகதி வரை அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. நிம்மதிதான். ஆனால் அது குடியுரிமை ஆகாது.

காணிக்கு வருவோம். நம்மவருக்குக் காணி என்றால் உயிர். 1990 ஜூனிலே வலிகாமம் வடக்கு முழுவதும் எழும்பி ஓடியது. நலன்புரி நிலையங்களிலே ஒரு தலைமுறையே வளர்ந்தது. இன்னும் எல்லாக் காணியும் விடப்படவில்லை. இங்கே இருந்த நமக்கே இந்தப் பாடு என்றால், கடலுக்கு அப்பால் இருந்தவரின் வளவு என்ன ஆகும்? ஒருவர் பத்து வருடம் தடையில்லாமல் எதிர் உரிமையோடு ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம் என்கிறது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஊரிலே எல்லோருக்கும் இந்தப் பத்து வருடக் கதை தெரியும். அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு தெரியுமா? உரிமை எழுகிற நேரத்தில் உரியவர் கடல் கடந்து இருந்தால் அந்தக் காலம் அவருக்கு எதிராக ஓடாது. இது அகதிக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு! ஆனால் அதற்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறது சட்டம். முப்பது வருடம். 1990இலிருந்து எண்ணிப் பாருங்கள். இராணுவம் பிடித்து வைத்திருந்த காணிக்கும் அயலவர் ஆண்ட காணிக்கும் வழி வேறு வேறு. ஒவ்வோர் உறுதியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஆகவே உறுதியைக் கையிலே வைத்துக்கொண்டு “எங்கட காணி எங்க போகப்போகுது” என்று இருந்துவிடாதீர்கள். காலம் போகப் போக வழக்கு மெலியும்.

சபையோரே, இவ்வளவு நேரமும் நம்மவரைப் பற்றிப் பேசினேன். இனி மற்றவரைப் பற்றிப் பேசாவிட்டால் என் பேச்சு நேர்மையற்றது ஆகிவிடும்.

2022 டிசம்பரிலே வெற்றிலைக்கேணிக் கடலில் ஒரு படகு தத்தளித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட றொகிங்கியா மக்கள். பெண்கள், கைக்குழந்தைகள். கடற்படை அந்தப் படகை இழுத்துக்கொண்டு எங்கே வந்தது? இந்தக் காங்கேசன்துறைத் துறைமுகத்துக்குத்தான் வந்தது. அதற்கு முன் 2017 ஏப்ரலிலும் இந்தக் கடலிலே முப்பது பேரளவில் பிடிபட்டார்கள். அவர்களை அகதிகள் உயர் ஸ்தானிகராலயம் கல்கிசையிலே ஒரு வீட்டில் தங்கவைத்தபோது, செப்டம்பர் மாதம் ஒரு கும்பல் அந்த வீட்டைச் சூழ்ந்து அவர்களை விரட்டியது. 2024 டிசம்பரிலே இன்னொரு படகு முள்ளிவாய்க்கால் கரையிலே ஒதுங்கியது. முள்ளிவாய்க்கால் மக்கள் என்ன செய்தார்கள்? சோறு சமைத்துக் கொண்டு ஓடினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். எதுவும் இல்லாமல் கரையிலே கிடப்பது என்றால் என்ன என்று அவர்களுக்கு ஒருவரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

சோறு கொடுத்தோம். சட்டம் கொடுத்தோமா? 1951ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தில் இலங்கையும் கையெழுத்திடவில்லை, இந்தியாவும் கையெழுத்திடவில்லை. ஆனாலும் அவர்கள் சட்டத்துக்கு வெளியே நிற்கிறவர்கள் இல்லை. சித்திரவதையிலிருந்து பாதுகாப்பு, சட்டத்தின் முன் சமத்துவம், காரணமின்றிக் கைது செய்யப்படாமை ஆகியவற்றை நம் அரசியலமைப்பு பிரசைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கவில்லை. 11ஆம், 12ஆம், 13ஆம் உறுப்புரைகளைத் திறந்து பாருங்கள். இந்த மண்ணிலே நிற்கிற எந்த மனிதனுக்கும் அவை உண்டு. நீதவான் முன் அவர்களை நிறுத்தும்போது அவர்கள் மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும், எழுந்து பேச ஒரு சட்டத்தரணி வேண்டும், தாயையும் பிள்ளையையும் பிரிக்காதிருக்க ஒரு கட்டளை வேண்டும். நமக்கு ஒரு நீதி, றொகிங்கியாவுக்கு ஒரு நீதி என்று கேட்கிறவன், பலாலியிலே கைதான முதியவருக்காகப் பேசுகிற தகுதியை இழந்துவிடுகிறான்.

என் சட்டத்தரணி நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையை ஊர் திரும்பினோருக்கு ஒதுக்குங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறை மாணவர்களைப் பக்கத்திலே இருத்திச் சத்தியக் கடதாசி எழுதப் பழக்குங்கள். நான் சொன்ன சட்டங்களையெல்லாம் முகாமிலே எழுத்துக்கூட்டி வாசிக்கிற ஒரு தாய்க்கு விளங்குகிற தமிழிலே இரண்டு பக்கத் துண்டுப்பிரசுரமாக அச்சடிப்போம். கப்பலில் போகிறவர்களிடம் கட்டுக்கட்டாகக் கொடுத்து அனுப்புவோம். முகவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வந்து, பத்திரம் எல்லாம் நான் முடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்டால், முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லப் பழகுங்கள்.

இங்கே இருக்கும் தாய்மார்களே, ஐயாமாரே, உங்கள் ஒவ்வொருவருக்கும் அங்கே ஓர் அண்ணனோ, பெறாமகளோ, மச்சாளோ இருப்பார்கள். நாளைக் காலை தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். அவர்களுடைய பிறப்புப் பதிவிலும், அவர்கள் தாய் தகப்பனின் கலியாணப் பதிவிலும் உறுதிப்படுத்திய பிரதி எடுங்கள். வீட்டிலே காணி உறுதி இருந்தால் அதையும் ஒரு பிரதி எடுங்கள். தொலைபேசியிலே படம் எடுத்து அன்றைக்கே அனுப்புங்கள், மூலத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். அவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.